தாளில் வராத கறுப்பு

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து கடல் பக்கமாகப் போகும் சந்து ஒன்றில் ரெஜினாவின் கடை இருக்கிறது. ஜெனி டிஜிட்டல் என்று பெயர். ஜெனி அவளுடைய மகள். வேலூரில் நர்ஸிங் படிக்கிறாள். கடைக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பிரிண்டர், பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள் உட்கார ஒரு முக்காலி. ஹார்பர் பாஸுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள், சர்ச்சில் முதல் முறையாகப் புதுநன்மை வாங்கிய பிள்ளைகளின் படத்தைப் பெரிதாக்க வருகிறவர்கள், துக்க வீட்டிலிருந்து அவசரமாக ஓடி வருகிறவர்கள் என்று யாராவது வந்தபடி இருப்பார்கள்.

ரெஜினாவுக்கு ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தவள். கணவர் தவசிமுத்து தம்பிகளோடு சேர்ந்து தண்டையார்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறார். ஜெனி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், பகல் முழுக்க வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ரெஜினா ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து போட்டோஷாப் கற்றுக்கொண்டாள். வீட்டின் கீழ்ப் போர்ஷன் காலியானபோது கணவரிடம் கேட்டுக் கடை போட்டாள். மொத்த வியாபாரக் குடும்பத்தில் அந்தக் கடையை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அது அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

ரெஜினா கடையில் போட்டால் முகம் பளிச்சென்று வரும் என்று அக்கம்பக்கத்தில் பேர். அந்தப் பேர் வந்த விதம் இதுதான். கடை தெருவைப் பார்த்தது. வெயில் நேரத்திலும் மானிட்டர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அதன் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்திருந்தாள். அதில் நன்றாகத் தெரிகிற படம் தாளில் வரும்போது இருண்டு போகும். உடனே முகத்தை மட்டும் மவுஸால் சுற்றி வளைத்து நாலு படி வெளுப்பாக்கி மறுபடி அடிப்பாள். வாங்கிப் போகிறவர்களுக்குச் சந்தோஷம். மானிட்டரில் இருப்பது தாளில் ஏன் வருவதில்லை என்று யோசிக்க அவளுக்கு அவசியமே ஏற்படவில்லை.

மண்ணாங்கட்டி வந்த பிறகுதான் யோசித்தாள்.

அவர் வியாசர்பாடிக்காரர். அறுபதைத் தாண்டிய வயது. தண்டையார்பேட்டை குடோன்களில் மூட்டை தூக்கிக் கொண்டிருந்தவர், இப்போது ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். ஒரு நாள் காலை கடைக்குள் வந்து, சட்டைப் பையிலிருந்து பாலித்தீன் கவர் ஒன்றை எடுத்து, அதற்குள்ளிருந்த போஸ்ட்கார்டு அளவு கறுப்பு வெள்ளைப் படத்தை மேசையில் வைத்தார். ஒரு குடோன் வாசல். வாசற்படியில் ஓர் இளம்பெண் கையில் கோணி ஊசியோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள். நல்ல கறுப்பு. அவளுக்குப் பின்னால் குடோனின் இருட்டு.

"என் சம்சாரம். கெங்கம்மா. இத்த இம்மாம் பெருசா போட்டுத் தரணும்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

ரெஜினா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "எப்ப தவறினாங்க அண்ணாச்சி?"

"யாரு, அவளா? வூட்ல மீன் ஆஞ்சிகினு கீறா."

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பழைய ஹவுசிங் போர்டு பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், போன மாதம்தான் குடி வந்தோம், சுவரெல்லாம் வெறுமையாக இருக்கிறது, முதல் படமாக அவளுடையதை மாட்டலாம் என்று இருக்கிறேன் என்றார். "எங்க ஏரியால ரெண்டு கடைக்குப் போனேன். ஒத்தன் ஆவாதுன்ட்டான். இன்னொருத்தன் அவள சேட்டு வூட்டுப் பொண்ணு மாரி பண்ணிக் குடுத்தான்."

ரெஜினா படத்தை ஸ்கேன் செய்து மானிட்டரில் பெரிதாக்கினாள். மண்ணாங்கட்டி எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். சின்னப் படத்தில் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அங்கே தெரிந்தது. கன்னத்தில் ஓடிய வேர்வை, நெற்றியில் ஒட்டியிருந்த கோணி நார், மூக்குத்தி.

"அவதான்" என்றார். குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும், "அவளேதான்" என்றார்.

ரெஜினா வழக்கம்போல முகத்தைச் சுற்றி வளைத்து வெளுப்பாக்கிப் பெரிய தாளில் அடித்துக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"உங்க வீட்டுக்காரங்கதான்."

"இல்லம்மா. டிவில கீறா பாரு, அவதான் கெங்கம்மா. இவ அவ தங்கச்சி மாரி கீறா. அவளுக்குத் தங்கச்சி கெடயாது."

அவர் மானிட்டரைக் காட்டிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ரெஜினா சரி என்று, எதையும் வெளுப்பாக்காமல் உள்ளது உள்ளபடி இன்னொன்று அடித்தாள். அதில் முகம் இருட்டில் அமுங்கிப் போயிருந்தது. தாடை எங்கே முடிகிறது, குடோன் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. மூக்குத்தி காணாமல் போயிருந்தது. போதாததற்குப் படம் முழுவதும் பாசி படிந்தாற்போல ஒரு பச்சை.

"டிவில கீறது பேப்பர்ல வராதா?" என்று கேட்டார் மண்ணாங்கட்டி.

"வரணும் அண்ணாச்சி. எனக்கு ஒரு வாரம் குடுங்க."

அவர் போன பிறகும் 'இது யாரும்மா' என்ற கேள்வி அவள் காதில் இருந்தது. அதே மாதிரி ஒரு பேச்சை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அவளைப் பெண் கேட்டு வந்தபோது நாசரேத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படத்தைத்தான் ராயபுரத்துக்கு அனுப்பினார்கள். ஸ்டுடியோக்காரர் தன் கைவேலையைக் காட்டி அவளை நல்ல சிவப்பாக்கியிருந்தார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்று, மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. "போட்டோவுல வேற யாரோ மாதிரில்லா இருந்தா." மாமியார் அதற்கப்புறம் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, இருந்தவரை மருமகளை நன்றாகவே வைத்துக்கொண்டார். ஆனாலும் அது மறக்கவில்லை. அப்படியிருக்க, இத்தனை வருஷமாக வருகிற முகத்துக்கெல்லாம் தானும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம் என்பது ரெஜினாவுக்கு அன்றுதான் உறைத்தது. யாரும் புண்பட்டுவிடக் கூடாது என்று நினைத்துத்தான் செய்தாள். ஆனால் யாரையும் கேட்டுவிட்டுச் செய்ததில்லை.

மறுநாள் பிரிண்டர் சர்வீஸ் செய்யும் பாலகணேஷை வரச் சொன்னாள். பாரிமுனையில் போட்டோ பேப்பர் விற்கும் கடையில் வேலை செய்கிறவர். எதையும் பொறுமையாகச் சொல்வார். இரண்டு தாள்களையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, உங்க மானிட்டர் டியூப் லைட் மாதிரி எரியுது. பேப்பர் தானா எரியாது. மேல விழற வெளிச்சத்துலதான் தெரியும். ரெண்டும் ஒத்துப்போகணும்னா மானிட்டரத்தான் கீழ எறக்கணும்."

"பச்சையா வருதே, அது?"

"கறுப்பு வெள்ளைப் படத்தையும் பிரிண்டர் கலர் இங்க்க கலந்துதான் அடிக்குது. அதுல ஒண்ணு கூடுனாலும் பச்சை, இல்ல சிவப்பு. செட்டிங்ல கறுப்பு வெள்ளைன்னு தனியா இருக்கு பாருங்க, அதுக்கு மாத்துங்க. நீங்க போடுற பேப்பர் எதுவோ அதையே செட்டிங்லயும் சொல்லுங்க. இவ்வளவு நாள் சாதா பேப்பர்னே வெச்சிருக்கீங்க."

அவர் போன பிறகு ரெஜினா முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் மேசையைத் தெரு வெளிச்சம் விழாத மூலைக்கு நகர்த்தினாள். மானிட்டரில் எதுவும் எழுதாத வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும்வரை மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பாதிக்கும் கீழே இறங்க வேண்டியிருந்தது. முதலில் எல்லாமே மங்கிப்போன மாதிரி இருந்தது. கண் பழகிய பிறகு பார்த்தால், அடித்த தாளும் மானிட்டரும் அண்ணன் தம்பி அளவுக்காவது நெருங்கியிருந்தன.

அடுத்து, வெள்ளையிலிருந்து சாம்பலாகி முழுக் கறுப்பு வரைக்கும் படிப்படியாக இறங்கும் கட்டங்களை வரைந்து ஒரு பட்டையாக அடித்தாள். மானிட்டரில் ஒவ்வொரு கட்டமும் தனியாகத் தெரிந்தது. தாளில் கடைசிக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறுப்பாகிவிட்டிருந்தன. கெங்கம்மாவின் தாடையும் கூந்தலும் அந்தக் கட்டங்களுக்குள்தான் சிக்கிக்கொண்டிருந்தன. முகத்தை வெளுப்பாக்குவது இதற்கு மருந்தே இல்லை என்று புரிந்தது. முகத்தைத் தொடாமல், ஆழத்தில் இருக்கும் கறுப்பை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்தாள். கொஞ்சம் கூடினால் குடோன் இருட்டு சாம்பல் பூத்துப்போனது. கொஞ்சம் குறைந்தால் தாடை மறைந்தது. ஒவ்வொரு தடவையும் தாளைக் காயவிட்டு, மானிட்டர் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். மதியம் சாப்பிட வந்த தவசிமுத்து கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி, கடை பூரா கறுப்பா தொங்குது. துக்க வீடு கணக்கா இருக்கு."

"இதுல எது நல்லாருக்குன்னு சொல்லுங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் ஒண்ணுபோலதான் இருக்கு" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுவிட்டு, "அந்த ஓரத்துல உள்ளதுல அந்தப் பிள்ளை சிரிக்கது நல்லாத் தெரியுது" என்று சேர்த்துக்கொண்டார்.

ஓரத்தில் இருந்ததுதான் அவளுக்கும் பிடித்திருந்தது. அதில் கெங்கம்மா கறுப்பாகவே இருந்தாள். இருட்டிலிருந்து விலகியும் நின்றாள். ஆனால் அந்தத் தாளில் புதிதாக ஒன்று தெரிந்தது. கெங்கம்மாவின் இடது தோளுக்குப் பின்னால், இருட்டுக்குள், உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக ஒரு வெளுப்பு. பழைய படத்தில் ஈரம் பட்ட கறையாக இருக்கலாம். வேறு படமாக இருந்தால் யோசிக்காமல் துடைத்து எடுத்திருப்பாள். அவர்களைக் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று இந்தத் தடவை விட்டுவிட்டாள்.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. கடை டியூப் லைட்டில் சரியாகத் தெரிந்த படம், வாசலுக்குக் கொண்டுபோனால் லேசாகச் சிவப்படித்தது. தொங்கப் போகிற சுவரிலேயே வைத்துப் பார்த்துவிடுவதுதான் நல்லது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு, ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்ட இரண்டு தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வியாசர்பாடிக்குப் போனாள்.

வீடு மூன்றாவது மாடியில். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அலமாரி மேல் புத்தர் சிலை ஒன்று; சுவர்களில் எதுவும் இல்லை. கெங்கம்மா நரைத்த தலையோடு, ஒல்லியாக, அதே வாய்விட்ட சிரிப்போடு கதவைத் திறந்தாள்.

"வாம்மா. போட்டோ கடைக்காரம்மாவா? நான் உசுரோட கீறப்பவே என்னைச் சுவத்துல மாட்டிடணும்னு துடிக்கிது இந்தாளு."

"செத்தப்பறம் மாட்டுனா நீ எப்டி பாப்பே?" என்றார் மண்ணாங்கட்டி, உள்ளேயிருந்து.

பால்கனி வெளிச்சம் நேராகச் சுவரில் விழுந்தது. ரெஜினா இரண்டு தாள்களையும் டேப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். கெங்கம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கெங்கம்மா இரண்டில் அதிகக் கறுப்பாக இருந்ததைத் தொட்டாள்.

"இதான் நானு."

"இன்னொண்ணுல முகம் கொஞ்சம் தெளிவா இருக்கே அக்கா" என்றாள் ரெஜினா.

"தெளிவாத்தான் கீது. ஆனா அதுல குளிச்சிட்டு வந்து நிக்கிற மாரி கீறேன். அன்னிக்கி காலைலேந்து கோணி தச்சிகினு இருந்தேன்."

ஏன் அப்படிச் சிரிக்கிறீர்கள் என்று ரெஜினா கேட்டாள். கெங்கம்மா தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். அந்த குடோனில் கோணி தைக்கும் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. லாரிகளுக்கு நடுவே ஒதுங்க வேண்டும். ஒருத்தி போனால் இன்னொருத்தி காவல் நிற்க வேண்டும். எத்தனையோ தடவை கேட்டும் நடக்காமல், ஒரு நாள் காலையில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். கட்டித் தருவதாகச் சொன்னால்தான் உள்ளே வருவோம் என்றார்கள். மதியத்துக்கு மேல் முதலாளி ஒப்புக்கொண்டார். யூனியன் ஆள் ஒருவர் கேமரா கொண்டுவந்திருந்தார்; ஒவ்வொருத்தியாகப் படம் எடுத்துப் பிறகு ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்.

"அதான் பல்லு முப்பத்திரெண்டும் தெரியிது" என்றாள்.

ரெஜினாவுக்குக் கறை ஞாபகம் வந்தது. எழுந்து போய் அந்த இடத்தைக் காட்டினாள். "அக்கா, இது பழைய படத்துல விழுந்த கறைன்னு நினைக்கிறேன். எடுத்துடட்டுமா?"

கெங்கம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். முகத்தைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுபோனாள். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"யோவ், இங்க வா. இது புஷ்பவல்லி இல்ல?"

மண்ணாங்கட்டி வந்து பார்த்தார். அவள் சொன்ன பிறகு ரெஜினாவுக்கும் தெரிந்தது. அரை நெற்றி, ஒரு கண், காதோரம் ஒரு தொங்கட்டான். இருட்டுக்குள்ளிருந்து யாரோ ஒருத்தி வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. அவதான்" என்றார் அவர். "அன்னிக்கி அவ வூட்டுக்குப் பூட்டான்னு சொன்னியே."

கெங்கம்மா மறுபடியும் தரையில் உட்கார்ந்தாள். மண்ணாங்கட்டிதான் ரெஜினாவுக்கு விஷயத்தைச் சொன்னார். புஷ்பவல்லியும் கெங்கம்மாவும் ஒரே கோணிக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து தைத்தவர்கள். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள். வாசலில் நிற்கலாம் என்று முதலில் பேசியதே இவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் படம் எடுக்கிற நேரத்தில் புஷ்பவல்லியைக் காணவில்லை. பயந்துபோய்ப் பின் கேட் வழியாக வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கெங்கம்மா முடிவு கட்டிவிட்டாள். மறுநாள் எல்லார் முன்னாலும் ஏன் ஓடினாய் என்று கேட்டாள். கொஞ்ச நாளில் புஷ்பவல்லி வேலையை விட்டுவிட்டாள். அந்தக் குடும்பம் மீஞ்சூர் பக்கம் போய்விட்டது.

"நானும் உள்ளதான் இருந்தேன்னு சொன்னா" என்றாள் கெங்கம்மா. "நீ பொய் சொல்றன்னு சொல்ட்டேன். வாயில வந்ததெல்லாம் சொன்னேன்."

பால்கனியில் காயப்போட்டிருந்த துணி காற்றில் அடித்துக்கொண்டது. ரெஜினா தாள்களைச் சுவரிலிருந்து எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

கடைசியில் கெங்கம்மாதான் சொன்னாள். "அத்த எடுக்காதம்மா. இன்னும் நல்லா தெரியுற மாரி பண்ண முடியுமா?"

ரெஜினா இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு மூலையைப் பளிச்சென்று ஆக்குவது சுலபம். ஆனால் அப்படிச் செய்தால் பார்க்கிறவர்கள் ஒட்டுவேலை என்று சொல்லிவிடுவார்கள். புஷ்பவல்லி இருட்டில்தான் நின்றிருந்தாள். இருட்டில் நிற்பவளாகவே தெரிய வேண்டும். கெங்கம்மா வீட்டுப் பகல் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி சிவப்பைக் கொஞ்சம் எடுத்தாள். புஷ்பவல்லி முகத்தின் ஓரத்தை அதைச் சுற்றியிருந்த கறுப்பிலிருந்து ஒரு நூல் அளவு விலக்கினாள். மானிட்டரையும் தாளையும் பக்கத்தில் வைத்து, எட்ட நின்று, கிட்ட நின்று பார்த்தாள். இரண்டிலும் அதே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒரே மாதிரி இரண்டு பிரதிகள் அடித்தாள். ஒன்றுக்கு ஃபிரேம் போட்டாள். இன்னொன்றை அட்டைக் குழாயில் சுருட்டினாள். கெங்கம்மா அப்படித்தான் கேட்டிருந்தாள்.

அதற்கப்புறம் கடையிலும் ஒரு மாற்றம் வந்தது. படம் போட வருகிறவர்களுக்கு ரெஜினா முதலில் உள்ளது உள்ளபடி ஒன்றை அடித்துக் காட்டினாள். பிறகு, "வெளுப்பாக்கணுமா?" என்று கேட்டாள். ஆக்குங்கள் என்று சொன்னவர்களுக்கு ஆக்கிக் கொடுத்தாள். பெண் பார்க்கப் படம் கேட்டு வந்த ஒரு குடும்பம், அவள் கேட்கும் முன்பே, பழைய மாதிரி பளிச்சென்று இல்லையே என்று வேறு கடைக்குப் போய்விட்டது. காசிமேட்டிலிருந்து வந்த ஒருவர், இறந்துபோன தம்பியின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பிடித்தான் இருந்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வெளுப்பாக்க வேண்டாம் என்று சொல்பவர்கள் தான் நினைத்ததைவிட அதிகமாக இருக்கிறார்கள் என்று ரெஜினா தவசிமுத்துவிடம் சொன்னாள்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம், ஒரு சாயங்காலம், கெங்கம்மா கடைக்கு வந்தாள். கூடவே கனத்த உடம்போடு, மூட்டு வலியால் மெதுவாக நடக்கும் இன்னொரு அம்மாள். பின்னால் இரண்டு குடைகளைப் பிடித்துக்கொண்டு மண்ணாங்கட்டி.

"இவதான் புஷ்பவல்லி" என்றாள் கெங்கம்மா.

படத்தை எடுத்துக்கொண்டு மீஞ்சூர் ஸ்டேஷனில் இறங்கி, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார்களாம். கதவைத் திறந்தது புஷ்பவல்லிதான். கெங்கம்மா முதலில் சுருளைத்தான் பிரித்துக் காட்டினாளாம்.

"எங்க மாமனாரும் அந்த குடோன்லதான் வேலை" என்றாள் புஷ்பவல்லி ரெஜினாவிடம். "நான் வாசல்ல நின்னதே அவருக்குப் புடிக்கல. யூனியன் போட்டோவுலயும் நின்னா வூட்ல பேஜாராயிடும். அதான் கேமராவைப் பாத்ததும் உள்ளாற போய்ட்டேன். ஆனா இவ நின்னுகினு சிரிக்கிறாளே, எனுக்கு உள்ள இருப்பே கொள்ளல. எட்டிப் பாத்துட்டேன் போல. அது போட்டோவுல வுயுந்தது எனுக்கே தெரியாது."

"நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சிக்காதடி" என்றாள் கெங்கம்மா.

"அத்த எத்தினி வாட்டி சொல்லுவ? மீஞ்சூர்லேந்து சொல்லிகினே வரா" என்று புஷ்பவல்லி ரெஜினாவைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ரெஜினா மாடிக்குப் போய் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். கலரா, கறுப்பு வெள்ளையா என்று கேட்டாள். புஷ்பவல்லி தன் புடவை நல்ல மாம்பழ நிறம், அது தெரிய வேண்டும், கலர்தான் என்றாள். கெங்கம்மா அதற்கு ஏதோ சொல்ல, இவள் பதில் சொல்ல, குடோனில் கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருத்தியாகப் பேச்சில் வந்துகொண்டிருந்தார்கள். ரெஜினா கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மழை வரும்போல இருக்கிறது, மீஞ்சூர் வண்டிக்கும் நேரமாகிவிட்டது என்று மண்ணாங்கட்டி வாசலில் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.